சென்னையில் எம்டிபி ஓட்ட வந்தால் மலையை விடுங்கள், ஏரிக்கரையைப் பிடியுங்கள்

கோவை மலையடிவாரத்தில் ஓட்டிப் பழகிய ஒருவர் ஜனவரியில் இரண்டு வாரம் ஆபீஸ் வேலையாகச் சென்னை வருகிறார். தங்குவது சோழிங்கநல்லூரில். ஹார்ட்டெயில் எம்டிபியையும், அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிளையும், ரயிலில் கொண்டுவரப் போகிறார். புது ஊரில் நல்ல மண் தடத்தை எப்படித் தேடுவது, சென்னையில் எங்கே ஓட்டலாம் என்று கேட்கிறார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்குச் சென்னைக்காரர்கள் சட்டென்று சொல்லும் பதில், "இங்க எங்கங்க மலை இருக்கு, ஈசிஆர்ல ஓட்டுங்க" என்பதுதான். அதை நம்பினால் இரண்டு வாரமும் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் ரோட்டில்தான் போகும்.

மலை இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். ஊரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று ஒரு குன்று வரிசை உண்டு. அதில் பெயர்பெற்ற பரங்கிமலையே சுமார் 300 அடிதான். அதுவும் நமக்கு இல்லை. ஒரு பக்கம் ராணுவ நிலம், ஒரு பக்கம் விமான நிலையம், மீதி கல்குவாரி. குவாரிப் பள்ளங்கள் கூகுள் எர்த்தில் பார்க்கும்போது ஆசை காட்டும். விளிம்பில் நல்ல தடம் இருப்பதுபோலத் தெரியும். போகாதீர்கள். செங்குத்தான பாறை வெட்டு, அடியில் ஆழம் தெரியாத தண்ணீர். சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை எடுத்துத்தான் 2019 வறட்சியில் ஊருக்குக் கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு ஆழம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்மங்கலம், வண்டலூர் காடுகளும் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். இரண்டும் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்த பிறகு வனத்துறை இந்த விஷயத்தில் ரொம்பக் கறாராகிவிட்டது. கறாராக இருப்பதுதான் சரியும்கூட. நாலு பேர் வேலி தாண்டி ஓட்டி அதை வீடியோவாகப் போட்டால், அடுத்த மாதம் அந்தப் பக்கத்துக் கிராமப் பாதையும் சேர்த்து அடைபடும்.

சரி, அப்புறம் எங்கேதான் ஓட்டுவது? இங்கேதான் சென்னையின் நிஜமான சொத்து வருகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்று மாவட்டங்களிலும் எந்தத் திசையில் போனாலும் ஏரி. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு மண் கரை, அந்தக் கரையின் தலையில் மாடும் மனிதரும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப்பாதை. யாரும் சைக்கிளுக்காகப் போட்டதில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால், வளைவும் வேகமும் யாரோ கணக்குப் போட்டு அமைத்த மாதிரியே இருக்கும்.

இந்த ஏரிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் பாதி வழி தானாகப் புரிந்துவிடும். இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளில் நீர்ப்பிடிப்பு மேற்கே இருக்கும். கரை பிறை நிலா வடிவில் கிழக்குப் பக்கம் வளைந்து நிற்கும். கரைக்குக் கீழே வயல், வயலைத் தாண்டி ஊர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழிந்தோட விட்ட தாழ்வான கல்கட்டு) வழியாக வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஏரிகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஆகவே ஒரு கரையின் முனைக்குப் போய், கலங்கலைக் கண்டுபிடித்து, உபரிநீர்க் கால்வாயின் ஓரமாகவே போனால் பல இடங்களில் அடுத்த ஏரியின் பின்பக்கத்தில் போய் நிற்பீர்கள். வழியில் தார் ரோடு குறுக்கிடும்; அதைக் கடப்பதோடு சரி.

கரையில் ஓட்டுவது தட்டையாக, சலிப்பாக இருக்குமோ என்று மலையடிவாரத்துக்காரருக்குத் தோன்றும். கரையின் தலை ஒரு மாட்டுவண்டி அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இரண்டு ஆள் உயரச் சரிவு. அங்கங்கே மாடுகள் தண்ணீருக்கு இறங்க, ஆட்கள் வயலுக்கு இறங்க, சரிவில் குறுக்குத் தடங்கள் போட்டு வைத்திருப்பார்கள். அவைதான் நம் ஏற்ற இறக்கம். தொடர்ந்து நாலைந்து முறை இறங்கி ஏறிப் பாருங்கள், தொடை பேசும். மதகு வரும் இடத்தில் கல் கட்டுமானம் துருத்திக்கொண்டு பாதை சட்டெனக் குறுகும். கலங்கலில் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். மெல்லிய தண்ணீர்ப் படலத்துக்குக் கீழே பாசி இருக்கும், ரப்பர் எதுவும் அதில் பிடிக்காது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

பெரிய குடிநீர் ஏரிகளான செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி இந்தக் கணக்கில் சேராது. அங்கே கரைக்குக் காவல் உண்டு, திருப்பி அனுப்புவார்கள். வேடந்தாங்கலும் பறவைகள் சரணாலயம், ஜனவரி அங்கே பறவைகளுக்கான சீசன். கரையில் நின்று பார்க்கலாம், சைக்கிளோடு வேண்டாம். நமக்கு வேண்டியது ஊர் ஏரிகள், பாசன ஏரிகள்.

இனி தேடும் முறை. டிரெயில்ஃபோர்க்ஸ் மாதிரி எம்டிபிக்கென்றே இருக்கும் செயலிகளைச் சென்னைக்கு நம்பி உட்காராதீர்கள். அவை வெளிநாட்டு ஊர்களுக்கு அமிர்தம், இங்கே பசிக்குப் பத்தாது. ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப், அதாவது பலர் போன தடங்கள் ஒளிரும் வரைபடம், உதவும், ஆனால் வெறும் சைக்கிள் என்று வைத்துப் பார்த்தால் ஈசிஆரும் ஓஎம்ஆரும் (பழைய மாமல்லபுரம் சாலை) மட்டும் தகதகவென்று எரியும், மற்றதெல்லாம் இருட்டாகத் தெரியும். விளையாட்டு வகையை மலை சைக்கிள், டிரெயில் ஓட்டம், நடை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஊருக்கு வெளியே, சாலை இல்லாத இடத்தில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து போனால் அநேகமாக அது கரை. அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வைத்துச் சரிபாருங்கள். கூகுள் மேப்பில் இல்லாத வண்டித்தடமும் நடைபாதையும் அதில் புள்ளிக்கோடாக இருக்கும்.

கடைசியாகச் செயற்கைக்கோள் படம். இதில் இரண்டு விஷயங்களைச் சென்னைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, படம் எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். மே, ஜூனில் எடுத்த படத்தில் ஏரிக்குள் அருமையான தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டி முடித்த ஜனவரியில் அந்த இடமெல்லாம் தண்ணீர். இரண்டு, எந்த வருஷம் எடுத்தது என்பது. ஓஎம்ஆர் பக்கம் தரிசாகத் தெரியும் நிலம் அடுத்த வருஷம் மனைப்பிரிவாகிவிடும். சதுரம் சதுரமாகச் செம்மண் சாலையும் வரிசையாக எல்லைக் கல்லும் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். காவலாளியோடு வாக்குவாதம்தான் மிச்சம். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் வரிசையாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே தடம் பல வருஷப் படங்களிலும் தொடர்ந்து இருந்தால் அது ஊர்க்காரர்கள் நிஜமாகவே பயன்படுத்தும் பாதை.

எந்தப் படத்தையும்விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. கரைக்குக் கீழே டீக்கடை இருக்கும், அல்லது மாடு ஓட்டிக்கொண்டு யாராவது வருவார். "டிரெயில் எங்கே" என்று கேட்டால் முழிப்பார்கள். போக வேண்டிய ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"அண்ணே, இந்தக் கரை மேலயே போனா காயார் போயிடலாமா?"

"போவலாம் தம்பி. கலங்கல்ல தண்ணி போய்ட்டிருக்கு, அங்க மட்டும் எறங்கித் தூக்கினு போங்க. அந்தாண்ட முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க, பாத்து."

இந்த இரண்டு வரியில் கிடைக்கும் தகவல் எந்தச் செயலியிலும் வராது. அதோடு, கேட்டுவிட்டுப் போனவரை ஊரில் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு விடியற்காலையில் கரைமேல் பறப்பவனைப் பார்த்து நிலம் அளக்க வந்தவனோ என்று நினைப்பது இந்தப் பக்கத்தில் நியாயமான பயம்.

உள்ளூர் ஓட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், டபிள்யூசிசிஜி போன்ற குழுக்கள் பெரும்பாலும் ரோடு சைக்கிள் ஆட்கள்தான் என்றாலும், ஒவ்வொன்றிலும் மண் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இருப்பார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்தால் யாராவது கூட வருவார்கள். புதுக் கரையில் முதல்முறை தனியாகப் போகாமல் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

உங்கள் இருப்பிடம் சோழிங்கநல்லூர் என்பது அதிர்ஷ்டம். ஓஎம்ஆரில் தெற்கே விடியற்காலை இருட்டில் கேளம்பாக்கம் வரை போய்விடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், ஐடி கம்பெனி வண்டிகள் அந்த நேரத்திலும் பறக்கும். கேளம்பாக்கத்தைத் தாண்டி வலது கைப்பக்கம் தையூர் ஏரி. அங்கிருந்து மேற்கே காயார், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஏரியும் சின்னக் குன்றுகளுமாகப் போகும். நான் சென்னைக்கு வரும் எவருக்கும் முதலில் காட்டுவது இந்த வட்டாரத்தைத்தான். மண் பெரும்பாலும் செம்மண் சரளை. மழை பெய்த மறுநாளே ஓட்டலாம், தண்ணீரை இழுத்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண் அப்படியில்லை. நனைந்திருந்தால் பத்து மீட்டரில் சக்கரம் ஃபோர்க்கோடு ஒட்டி நின்றுவிடும். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலை காட்டுக்கு நடுவே ஏறி இறங்கும், அழகான சாலை. தார் ரோட்டிலேயே இருங்கள், இருபக்கமும் காப்புக்காடு.

போகும்போது மேற்கே போங்கள், திரும்பும்போது கிழக்கே வராமல் தெற்கு வடக்காக வளைத்து வாருங்கள். எட்டு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தால் கரையில் இருக்கும் கல் எதுவும் தெரியாது.

கடற்கரையையும் ஒரு நாள் பார்க்கலாம். முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கடல் வற்றும் நேரத்தில், ஈர மணலில் ஓட்டலாம். அலை நனைத்துவிட்டுப் போன பட்டை மட்டும்தான் இறுகியிருக்கும். அதற்கு மேலே ஏறினால் சக்கரம் புதையும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடும் காலம். குழிகள் மேலே உலர்ந்த மணலில்தான் இருக்கும், அதனால் ஈரப் பட்டையை விட்டு மேலே ஏறாமல் இருப்பது சைக்கிளுக்கும் நல்லது ஆமைக்கும் நல்லது. ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே ராத்திரியில் செயினைச் சிவப்பாக்கிவிடும். எனக்கென்னவோ, அந்த ஒரு நாளுக்காக இவ்வளவு வேலையா என்றுதான் தோன்றும். சூரிய உதயத்துக்காகப் போகிறவர்கள் போகலாம்.

இப்போது முள். சென்னைப் பக்கம் மண்ணில் ஓட்டுவதில் உண்மையான எதிரி வெயிலோ நாயோ இல்லை, வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்று நீங்கள் சொல்வதுதான். ஏரியிலும் கரையிலும் காடாக நிற்கும். விறகுக்கும் கரிக்கும் வெட்டியபின் சிதறிக் கிடக்கும் காய்ந்த சுள்ளிதான் ஆபத்து. பச்சை முள் வளையும். காய்ந்தது ஆணியாக நிற்கும். குத்தியதும் அடிப்பகுதி ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ட்யூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் கால் மணியில் மறுபடி பங்சர். டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்தால் துணி எங்கே சிக்குகிறதோ அங்கே நுனி இருக்கும். உட்பக்கமாகவே குறடால் பிடித்து இழுக்க வேண்டும். ட்யூப்லெஸ் இருந்தால் வரும் முன்பே புது சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். பழைய சீலண்ட் சூட்டில் உள்ளே தோலாகக் காய்ந்து கிடக்கும். வழியில் முள் குத்தினால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். சின்ன முள்ளாக இருந்தால் அதுவே அடைப்பாக நிற்கும், வீட்டுக்கு வந்து பிடுங்கலாம். வெட்டவெளியில் நெருஞ்சி வேறு உண்டு, அதற்கும் சீலண்ட்தான் மருந்து. 70 கிலோ ஆளுக்கு 2.2 அங்குல டயரில் ட்யூப்லெஸ் என்றால் 22 முதல் 25 பிஎஸ்ஐ சரியாக இருக்கும், ட்யூப் போட்டிருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாதைக்குக் குறுக்கே முள் கிளையை இழுத்துப் போட்டிருந்தால், அது தற்செயலாக விழுந்ததில்லை. யாரோ பயிருக்காக அடைத்தது. நகர்த்திவிட்டுப் போகாமல் திரும்பிவிடுங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுப்பதைவிட இறங்கிவிடுவது மேல். சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் போய்விடும். பாம்பு விஷயத்தில், கரையின் புல்லோரத்தில் உட்காராமல் இருங்கள். கண்ணாடி விரியன் இந்தப் பக்கம் சாதாரணம், அதுவும் மழைக்காலத்துக்குப் பிறகு.

ஜனவரி வெயில் தாங்கும். விடிய ஆறரை ஆகிவிடும், பத்து மணி வரைகூட ஓட்டலாம். இதே கேள்வியை மே மாதம் கேட்டிருந்தால், கத்திரி வெயிலில் எட்டு மணிக்குள் வீட்டில் இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கோவைக்காரர்கள் குறைத்து எடை போடுவது இங்கே காற்றில் இருக்கும் ஈரத்தை. வியர்வை காயாது, உடம்பு குளிராது. தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்புப் போட்ட மோர் எங்கே கிடைத்தாலும் நிறுத்திக் குடியுங்கள்.

ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்து, சைக்கிளை ஏற்றக் காரும் கிடைத்தால் பூண்டிப் பக்கம் போங்கள். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் செம்மண் மேடும் புதர்க்காடுமாக நிலம் வேறு மாதிரி ஆகிவிடும். பாதையில் முட்டை முட்டையாகக் கூழாங்கற்கள் கிடக்கும், முன்சக்கரம் அதன்மேல் ஏறினால் கல் உருண்டு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கையை இறுக்காமல், உடம்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து ஓட்ட வேண்டும். இதே குவார்ட்சைட் கற்களில்தான் கற்கால மனிதர் கோடரி செய்தார்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவற்றின் காலம் சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதல் கற்கோடரியைப் பல்லாவரத்துச் சரளையில் எடுத்தார், அதே வருஷம் இங்கேயும் வந்தார். பூண்டியில் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, டயர் சூடு ஆறும்வரை சுற்றிப் பார்க்கலாம். கூடியம் ஊர் வரை போகும் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிக் கூடியம் குகைக்குப் போகும் வழி காட்டுக்குள் இருக்கிறது. 2024இல் அரசு தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. பதிவு செய்து, வழிகாட்டியோடு நடந்து போவதற்கானது.

ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம், தடா என்று சிலர் சொல்வார்கள். அவை நடைக்கும் நீச்சலுக்குமான இடங்கள். வழியெல்லாம் பாறாங்கல், பாதித் தூரம் சைக்கிள்தான் உங்கள்மேல் ஏறி வரும். அனுமதிச் சிக்கலும் உண்டு. உயரம் இல்லாமல் தூக்கமே வராது என்றால் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏறி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். ஆனால் கோவையில் இருப்பவர் அதற்காகவா சென்னை வர வேண்டும்?

ரயிலில் சைக்கிளை லக்கேஜ் வேனில் பதிவு செய்யும்போது பெடல் இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பெடலின் மறை எதிர்ப்பக்கம் சுற்றும், தெரியாமல் முறுக்கிக் கிராங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. பின்கியர்ப் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டுங்கள். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டைத் துண்டாவது செருகி வையுங்கள், யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் இரண்டு வாரத்தில் பொங்கல் வந்தால் ஒரு எச்சரிக்கை. காணும் பொங்கலன்று முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் முழுக்க ஜனம்தான், அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். அதற்கு முந்தைய நாள் மாட்டுப் பொங்கல். காலையில் மாடுகளை ஏரியில் குளிப்பாட்டக் கரை வழியாகத்தான் ஓட்டிவருவார்கள், அன்று கரையும் நமக்கு இல்லை. போகியன்று ஊருக்குள் புகை மூடியிருக்கும். பொங்கலன்றே விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், ஓஎம்ஆர் காலியாக இருக்கும். தையூரில் டீக்கடை திறந்திருக்காது, தண்ணீரும் நாலு வாழைப்பழமும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.